ராமநாதபுரம் பக்கம் 'ஒரிஜினல் ஈவோ' விற்பனைக்கு என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

'மிட்சுபிஷி லான்சர் ஈவோ 6, டாமி மக்கினன் எடிஷன், ஜப்பான் ஒரிஜினல், சேகரிப்பாளர்களுக்கு மட்டும், 19 லட்சம்' என்று ஒரு சிவப்புக் கார் கைமாறக் காத்திருக்கிறது. ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் போகும் பக்கம், பனைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. அது ஈவோ இல்லை. அதை நம்பி நான் கொடுத்த 3 லட்சம் இதுவரை திரும்ப வரவில்லை.

அந்தக் காரின் மதிப்பு தெரிந்தவர்களுக்கு நான் ஏன் விழுந்தேன் என்பது புரியும். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியனானவர் மக்கினன். நான்கும் லான்சரில். அதைக் கொண்டாட மிட்சுபிஷி கொண்டுவந்த எடிஷன் அது. 4ஜி63 டர்போ எஞ்சின், நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, வெள்ளை 17 அங்குல வீல், சிவப்பும் கறுப்புமாக ரெகாரோ சீட். பள்ளிக்கூட நாளிலிருந்து அதன் படத்தை நோட்டு அட்டைக்குள் வைத்திருந்தவன் நான்.

மோசடிக்கு வழி இங்கேதான் இருக்கிறது. 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த நம்ம ஊர் லான்சருக்கும் ஈவோ 6-க்கும் அடிப்படை உடல் ஒன்றுதான். பம்பர், பானெட் துவாரம், பின் ஸ்பாய்லர் மூன்றையும் ஃபைபரில் செய்து மாட்டிச் சிவப்பு அடித்துவிட்டால், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

நான் போன அன்று கார் சக்கரம் பாதி மணலில் புதைந்து நின்றது. கீழே குனிந்து பார்க்க வழியில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். "இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு தம்பி, ரோட்டுக்கு எடுத்தா பிரச்சினை" என்றார் விற்பவர். சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிப் பத்திரம், எங்கே என்றேன். மதுரையில் ஆடிட்டரிடம் இருக்கிறதாம். ஆர்.சி. புக்கை போனில் காட்டியபோது சேஸிஸ் நம்பர் இருந்த இடத்தில் அவர் விரல் இருந்தது. கொச்சியிலிருந்து ஒருவர் நாளைக் காலை பணத்தோடு வருகிறார் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே 3 லட்சம் அனுப்பிவிட்டேன்.

மறு ஞாயிறு மண்டபம் ஊரிலிருந்து என் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மீதிப் பணத்தோடு போனேன். அவர் யாரிடமும் கேட்காமல் ஜாக்கியைப் போட்டுத் தூக்கினார். எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோக, காருக்கு அடியில் முன்னிருந்து பின்னே போக வேண்டிய புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை, அதை அந்தச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் பின்னால் இல்லை. வெறும் சைலன்சர் குழாய்தான் ஓடியது. "தம்பி, இது முன்சக்கர வண்டிடா" என்றார்.

பிறகு பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்தார். ஈவோ 6-க்கு பானெட்டும் முன் ஃபெண்டரும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) அலுமினியம், காந்தம் ஒட்டக்கூடாது. ஃபெண்டரில் பச்சென்று ஒட்டியது. பின்பக்கம் இரும்பு, அங்கே ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வழுக்கிக் கீழே போனது. உப்புக் காற்றில் அரித்துப்போன தகட்டின் மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். வலது பின்கதவுக்குக் கீழே காந்தத்தின் முனை பட்டு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது, உள்ளே வெள்ளைப் பட்டி தெரிந்தது.

சேஸிஸ் நம்பரை அப்போதுதான் பார்த்தேன். 17 இலக்கம், 'எம்.ஏ.' என்று தொடக்கம். அது இந்தியாவில் செய்த வண்டிக்கு உரியது. ஜப்பான் சந்தைக்கு வந்த ஈவோ 6-க்கு 17 இலக்க எண்ணே கிடையாது, 'சி.பி.9ஏ' என்றுதான் தொடங்கும். இந்த ஒன்றை மட்டும் முதல் நாளே பார்த்திருந்தால் போதும். வண்டி நம்பரை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டிருந்தால் தயாரித்த கம்பெனி பெயரும் அங்கேயே வந்திருக்கும்.

பணத்தைக் கேட்டதும் விற்பவரின் பேச்சு மாறியது. அவர் எழுதிக் கொடுத்த ரசீதை எடுத்துப் படிக்கச் சொன்னார். 'லான்சர் கார் ஒன்றுக்கு முன்பணம்' என்றுதான் இருந்தது. ஈவோ என்ற சொல் எங்கேயும் இல்லை. வாங்காமல் போனால் முன்பணம் திரும்பாது என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மாடல், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அப்படியே வண்டி ஏறி வந்துவிடுங்கள்.

போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். அவர் அனுப்பிய குரல் பதிவுகளில் 'ஈவோ' என்று பல தடவை சொல்லியிருக்கிறார், அவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். இதே ஆளிடம் வேறு யாராவது ஏமாந்திருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், வழக்கு பலப்படும்.

நேற்று நண்பன் ஒருவன் புது விளம்பரத்தை அனுப்பினான். அதே கொட்டகை, விலை 20 லட்சம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வலது பின்கதவுக்குக் கீழே அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது.