கழுத்து வலி: அக்குபங்சரா, பயிற்சியா, மாத்திரையா?

மூன்று மாதம் தாண்டியும் விடாத கழுத்து வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் தைலம், தலையணை மாற்றம், கழுத்துப் பட்டை என்று எல்லாம் ஒரு சுற்று வந்திருக்கும். அப்போதுதான் யாராவது, "அக்குபங்சர் பண்ணிப் பாரேன்" என்பார்கள். உடலின் சில இடங்களில் மெல்லிய ஊசிகளைக் குத்திவைக்கும் சிகிச்சை அது; மருந்து ஏற்றும் ஊசி இல்லை. பண்ணலாமா? எதை விட்டுவிட்டு அங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இருக்கிற வைத்தியத்தோடு ஊசியையும் சேர்த்துக்கொண்டால் பலன் இருக்கிறது. 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 3,700க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியத்தோடு 3 மாதத்தில் 15 முறை வரை ஊசி. மறுபாதிக்கு ஊசி கிடையாது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலியும் முடக்கமும் நன்றாகவே குறைந்தன.

ஆனால் போலி சிகிச்சையோடு மோதவிட்டால் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. 2004இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 135 பேரில் ஒரு பகுதியினருக்கு மின்சாரமே பாயாத கருவியை மாட்டி சிகிச்சை போலவே நடத்தினார்கள். அவர்களுக்கும் வலி குறைந்தது. உண்மையான ஊசி கொஞ்சம் முந்தியது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், இரு பக்கமும் விரல் வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அந்த மெல்லிய ஊசி அங்கே இறங்கும்போது குத்தல் அவ்வளவாகத் தெரியாது; லேசாகத் திருகியதும் ஒரு கனம், ஒரு மந்தமான உளைச்சல் பரவும். அப்புறம் இருபது நிமிடம் போனைத் தொடாமல் படுத்திருக்க வேண்டும். நாளெல்லாம் திரையைப் பார்த்துக் குனிந்திருந்த கழுத்துக்கு அதுவே பாதி மருந்து.

ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. தோள்மேட்டுக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. அங்கே ஆழமாகக் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். அபூர்வம்தான் என்றாலும், உடற்கூறு படித்த கை வேண்டும் என்பது இதனால்தான்.

பயிற்சியின் கதை வேறு. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்பதுபோல மோவாயை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து விநாடி நிறுத்துங்கள். பத்து முறை. கழுத்தின் முன்புற ஆழத் தசைகளுக்கான வேலை இது. ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் அதன்பின் செலவே கிடையாது. அதன் ஒரே எதிரி சலிப்பு. இரண்டாவது வாரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நிற்பதையும் உட்காருவதையும் திருத்திக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் முறை பலருக்குப் பரிச்சயமில்லை. 2015இல் 517 பேரிடம் அதையும் அக்குபங்சரையும் ஒப்பிட்டார்கள். அக்குபங்சருக்கு 50 நிமிடமாக 12 அமர்வு, அலெக்சாண்டர் முறைக்கு 30 நிமிடமாக 20 பாடம். ஓராண்டு கழித்து இரண்டும் கிட்டத்தட்ட சமம். இரண்டுமே வழக்கமான வைத்தியத்தைவிடச் சற்று மேல்.

மாத்திரைதான் கடைசி. தெளிவான காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபன் வகையையோ தொடங்காதீர்கள் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டுதல் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஊசியை, மொத்தம் 5 மணி நேரத்துக்கு மிகாத ஒரே ஒரு சுற்றாகப் பரிசீலிக்கலாம் என்கிறது.

நானாக இருந்தால் பயிற்சியை இன்றைக்கே தொடங்குவேன். வலியால் அதைச் செய்யவே முடியவில்லை என்றால் ஐந்தாறு முறை ஊசி. அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவேன். ஆனால் சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, கை பலமிழந்தாலோ, நடை தள்ளாடினாலோ இந்த ஒப்பீடே பொருந்தாது. முதலில் மருத்துவரிடம் போங்கள். தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.