ஏழு சட்டத் தேனீப் பெட்டி: மலையகத்துக்கு வாங்கலாமா?

மலையக நகரங்களில் தேனீ வளர்ப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஏழு சட்டப் பெட்டியைப் பற்றியது இது. சட்டம் என்பது தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டகம். அடிப்பலகை, குஞ்சுகள் வளரும் புழு அறை, தேன் அறை ஒன்று, தகரம் போர்த்திய மூடி, நாலு கால் தாங்கி, ராணி தேன் அறைக்கு ஏறாமல் மறிக்கும் ராணித் தடுப்பு, சின்னப் புகைக்குழல் எல்லாம் ஒரே தொகுதியாகத் தருகிறார்கள். பாரமில்லாத பலகை, சுத்தமான இழைப்பு, இறுக்கமான மூலைப் பொருத்து. மரவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை சட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

நாம் வளர்ப்பது பொந்துத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா. மேல்நாட்டு ஏபிஸ் மெலிஃபெராவைவிடச் சிறியது. இதன் புழு அடை, அதாவது குஞ்சுகள் வளரும் மெழுகுத் தட்டு, ஏறத்தாழ 22 மி.மீ. தடிப்பு. இரண்டு அடைகளுக்கு நடுவே தேனீக்கள் முதுகோடு முதுகாக நடமாட 9, 10 மி.மீ. போதும். ஆகவே ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 31 அல்லது 32 மி.மீ. இருக்க வேண்டும். இந்தப் பெட்டியின் சட்டங்களில் பக்கக்கட்டையின் அகலம் 35 மி.மீ. அது மெலிஃபெராவுக்கான கணக்கு. மிஞ்சிய 3 மி.மீ. நமக்கு அற்பமாகத் தெரியலாம். தேனீ அதை அப்படி விடாது. அடைக்கும் அடைக்கும் பாலம் போட்டுக் கட்டும், சில நேரம் சட்டத்தை விட்டே கோணலாக ஓடும். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் பக்கத்து அடையும் பிய்ந்து வரும். புழு நசுங்கும், தேன் வடியும், வாசனைக்கு எறும்பு ஏறும். செரானா பொறுத்திருக்கிற இனமல்ல. இரண்டு முறை இப்படி நடந்தால் கூட்டத்தோடு கிளம்பிவிடும். "பெட்டி வாங்கினேன், பூச்சி நிற்கவில்லை" என்ற முறைப்பாடுகளில் பலவற்றுக்கு அடி இதுதான்.

திருத்துவது சுலபம். பக்கக்கட்டையின் இரு ஓரத்திலும் 1.5 மி.மீ. வீதம் இழைத்துத் தரும்படி தச்சுப் பாஸிடம் கொடுங்கள். ஏழு சட்டத்துக்கும் சேர்த்து 21 மி.மீ. இடம் மிஞ்சும். அதை வெறுமையாக விடக்கூடாது. விட்டால் அங்கேயும் ஓர் அடை தொங்கும். 13 மி.மீ. தடிப்பான பலகையொன்றை ஓரமாகச் செருகினால், மீதி 8 மி.மீ. தேனீக்கு நடைபாதையாகிவிடும்.

கூடவே, அடை கட்ட வழிகாட்டியாகச் சட்டத்தில் பொருத்தும் அச்சுப் பதித்த மெழுகுத் தாளும் விற்கப் பார்ப்பார்கள். அதிலுள்ள கண்ணறையை அளந்து பாருங்கள். பத்துக் கண்ணறை சேர்ந்து 5.4 செ.மீ. வந்தால் அது மெலிஃபெராத் தாள். செரானாவின் வேலைக்காரத் தேனீக்கு 5 மி.மீ.க்கும் குறைந்த கண்ணறை வேண்டும். அந்தத் தாள் தேவையில்லை. மேற்கட்டையின் அடியில் சுத்தமான தேன்மெழுகை நூல் போல ஒரு வரி உருக்கி ஒட்டினால் போதும், அந்தக் கோட்டைப் பிடித்தே கட்டிக்கொள்ளும்.

அடுத்த பெரிய குறை, அடிப்பலகையை ஆணி அடித்து மூடியிருப்பது. செரானா பழைய அடையைக் கடித்துத் துகளாக்கிக் கீழே தள்ளும் பழக்கமுள்ளது. அந்தத் துகளில்தான் மெழுகுப் பூச்சி முட்டையிடும். புழுக்கள் வலை பின்னிக்கொண்டு அடைக்குள் ஏறும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பலகையைத் துடைக்க முடியாத பெட்டி இந்த இனத்துக்கு உதவாது. ஆணியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் கொக்கி போடுங்கள். கழற்றக்கூடிய பலகை நிறையத் தகவலும் சொல்லும். குப்பையில் கபில நிறத்தில், நடுவில் ஊசி குத்தியதுபோல் துளையுள்ள சின்ன மூடிகள் கிடந்தால், அவை ஆண் தேனீ அறைகளின் மூடிகள். மெலிஃபெராவின் மூடியில் இந்தத் துளை இருக்காது. ஆண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோகும் காலம் கிட்டுகிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து அடைகளின் கீழ் விளிம்பில் ராணி அறை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூடியைப் பொறுத்தவரை, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றும் வைக்கவில்லை. நுவரெலியாக் குளிரில் இரவு உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். புழு அறையை 33 முதல் 35 பாகை வரை சூடாக வைத்திருக்கத் தேனீக்கள் படாதபாடு படுகின்றன. மேலிருந்து ஈரம் விழுந்தால் தேனெல்லாம் சூட்டுக்கே செலவாகும். இரண்டு மடிப்புச் சாக்கு வைத்து, மூடியைப் பின்பக்கம் சற்றுச் சரிவாக இருத்துங்கள். வாசல் துவாரத்தின் 8 மி.மீ. உயரம் சரி. அகலம் பெட்டி முழுக்க ஓடுகிறது. மூன்று அங்குலம் விட்டு மீதியைக் கட்டையால் அடைத்தால் காவல் தேனீக்களுக்குக் குளவியை எதிர்க்க வசதி. வெயில் நேரத்தில் வாசலைக் கவனியுங்கள். தலையை வெளியே நீட்டி, வயிற்றை உள்பக்கம் வைத்துச் சிறகடிப்பவை செரானாக்கள். மெலிஃபெரா இதற்கு நேரெதிராகத் திரும்பி நிற்கும். நண்பகலில் வாசல் முழுக்க இப்படி வரிசை நின்றால் பெட்டிக்கு நிழல் போதவில்லை.

தாங்கி நன்று. காலுக்குக் கீழே வைக்கும் கிண்ணங்கள்தான் தரக்குறைவு. கழிவு ஒயில் ஊற்றினால் மழையில் நீர் நிறைந்து ஒயில் வழிந்துவிடும். ஒவ்வொரு காலிலும் கிண்ணத்துக்கு மேலே குடைபோல் தகரத் துண்டு அடித்துவிடுங்கள். ஒரு புல் நீண்டு பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்குப் பாதை கிடைத்துவிடும். புகைக்குழல் சிறிது, தென்னந்தும்பு போட்டால் போதுமான புகை தரும்.

தோட்டத்தில் குளவி கொட்டிய சம்பவங்களால் லயத்துப் பக்கம் பெட்டி வைக்கவே பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தோட்டத்தில் குளவி என்று சொல்வது பெரும்பாலும் பெரிய மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் ஏபிஸ் டோர்சாட்டா என்ற பெரிய தேனீயை. அது பெட்டியில் வாழாது. செரானா இருட்டான பொந்தில் பல அடை கட்டுவது, குணத்தில் சாது. என்றாலும் நடைபாதையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

வாங்கும் காலமும் முக்கியம். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் யூகலிப்டஸ் பூக்கும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களே தேன் காலம். அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே குடியேற்றினால்தான் கூட்டம் பெருகும். ஹட்டன், மஸ்கெலியாவில் அதே மாதங்கள் தென்மேற்குப் பருவமழை, பறக்கவே வழியில்லை. அங்கே சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, அந்தியில், பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். புழு அறையில் ஏழு சட்டமும் நிறையும்வரை தேன் அறையை ஏற்றாதீர்கள். வெற்றிடம் கூடினால் குளிர் கூடும். கடைக்காரர் இரண்டாவது தேன் அறையையும் இப்போதே எடுக்கச் சொன்னால் மறுத்துவிட்டு, அந்தக் காசுக்குச் சீனி வாங்கி வையுங்கள்.