டுப்ரோவ்னிக் போகிறவர்கள் கவனத்துக்கு: மலை டிக்கெட்டை நகர வாசலில் வாங்காதீர்கள்

குரோஷியாவில் டுப்ரோவ்னிக் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பழைய நகரத்துக்கு நேர் மேலே ஸ்ர்ஜ் என்று ஒரு மலை இருக்கிறது, 412 மீட்டர் உயரம். அதன் உச்சிக்குக் கூட்டிப்போகிறோம் என்று பழைய நகரத்தின் மேற்கு நுழைவாயிலான பீலே வாசல் பக்கம் பலகை வைத்துக்கொண்டு டிக்கெட் விற்கிற ஓர் ஆளிடம் எங்கள் குடும்பம் 220 யூரோ பறிகொடுத்தது. மனைவி, அப்பா, அம்மா, நான் என நாலு பேர். செப்டம்பர் கடைசி.

பலகையில் இருந்தது இதுதான்: கேபிள் காரில் ஏற்றம், உச்சியில் ஒரு மணி நேரம், சூரிய அஸ்தமனம், வேனில் திரும்பக் கொண்டுவிடுவது. ஆளுக்கு 45 யூரோ, பணமாகக் கொடுத்தால் 40. அப்பாவுக்கு முழங்கால் வலி, மலைப் பாதையில் நடக்க முடியாது, அதனால் கேபிள் கார் உண்டா என்று நானே இரண்டு தடவை கேட்டேன். உண்டு, எல்லாம் இதிலேயே அடக்கம் என்றார். ரசீது கேட்டதற்கு மெஷின் வேலை செய்யவில்லை, வேனில் தருவார்கள் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் '4 பேர், 18.00' என்று மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அதில் கம்பெனி பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது.

ஆறு மணிக்கு வேன் வந்தது. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள். வண்டி கிளம்பிய பிறகுதான், காற்று அதிகம் என்பதால் கேபிள் கார் இன்று ஓடவில்லை என்று டிரைவர் சொல்கிறார். சரி, காற்றுக்கு யாரும் பொறுப்பில்லை, வேனிலேயே உச்சிக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தோம். அவர் நகரத்துக்கு மேலே போகும் கடற்கரை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, சாலை ஓரமாக அகலமாயிருந்த ஓர் இடத்தில் நிறுத்தி, இதுதான் பனோரமா, இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்! அங்கே ஏற்கெனவே நாலைந்து கார்களை நிறுத்தி ஆட்கள் காசில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்திலிருந்தும் காட்சி அழகுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் காசு கொடுத்தது அதற்கில்லை. உச்சிக்குப் போக வேண்டும் என்றால் ஆளுக்கு இன்னும் 15 யூரோ என்றார். பலகையின் படத்தை என் போனில் காட்டினேன். விற்றவரிடம் கேளுங்கள், எனக்குச் சொன்னது இவ்வளவுதான் என்று தோளைக் குலுக்கினார். நாங்கள் நின்ற இடத்தில் நடைபாதை கிடையாது, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, அம்மா குளிரில் நடுங்குகிறார், அப்பாவைக் கீழே நடத்திக் கூட்டிப்போக வழியில்லை. இப்படி ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் இரண்டாவது விலையைச் சொல்கிறார்கள். 60 யூரோ கொடுத்தோம். இன்னொரு குடும்பமும் கொடுத்தது, மூன்றாவது குடும்பம் கோபமாக இறங்கிப் போய்விட்டது. பொசான்கா என்ற ஊர் வழியாக ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய ஒடுக்கமான பாதையில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கடலுக்குள் போயிருந்தது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் கேபிள் காரின் கீழ் நிலையத்துக்குப் போய் விசாரித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. முந்தின நாள் நண்பகலிலேயே நிறுத்திவிட்டார்களாம், அறிவிப்பும் வைத்திருந்தார்களாம். எங்களுக்கு அந்த ஆள் டிக்கெட் விற்றது மாலை நாலு மணிக்கு! நிலையம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஓடாத கேபிள் காருக்குத் தெரிந்தே காசு வாங்கியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே பூரா என்று ஒரு வடகிழக்குக் காற்று உண்டு, மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும், வறண்ட குளிர்காற்று. அது வீசும்போது பெரும்பாலும் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். கோட்டைச் சுவருக்குள் இருப்பவர்களுக்குக் காற்று அவ்வளவாகத் தெரியாது. இவ்வளவு நல்ல வெயிலில் கேபிள் கார் ஏன் நிற்கப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

விற்றவரை மறுபடியும் பிடித்தோம். டிரைவரிடம் கேளுங்கள் என்றார்.

அதனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேபிள் காரில் போக விரும்பினால் நேராகக் கீழ் நிலையத்துக்கே போங்கள். வடக்குச் சுவருக்கு வெளியே, பூஜா வாசலிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வந்துவிடும். ஓடுகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம், டிக்கெட்டும் அங்கேயே கிடைக்கும். நாங்கள் கொடுத்தது போகவர ஆளுக்கு 27 யூரோ, அதாவது வாசலில் கேட்டதைவிடக் குறைவு. நாலு நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். டுப்ரோவ்னிக் பாஸில் இதுவும் சேர்த்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாஸில் கோட்டைச் சுவர், அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து உண்டு, கேபிள் கார் கிடையாது.

காற்றால் நின்றுவிட்டால் ஊபர், போல்ட் என்ற டாக்ஸி ஆப்கள் இரண்டுமே அங்கே இருக்கின்றன, ஏறும் முன்பே விலை தெரிந்துவிடும். இறங்கும் இடம் சாலையோரம் இல்லை, உச்சியில் இருக்கும் இம்பீரியல் கோட்டை என்று போட்டுக்கொள்ளுங்கள். பொசான்கா வரைக்கும் 17ஆம் எண் பேருந்து போகிறது, ஆனால் ஒரு நாளில் சில தடவைதான், நேரம் பார்த்துப் போக வேண்டும். கால் நன்றாக இருப்பவர்கள் நெடுஞ்சாலைக்கு மேலிருந்து தொடங்கும் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு மணி, ஒன்றரை மணியில் ஏறிவிடலாம். வழியில் சிலுவைப் பாதை சிற்பங்கள் உண்டு, நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.

காற்று அடங்கிய பிறகு ஒழுங்காக டிக்கெட் வாங்கிப் போனோம். அப்போதுதான் எங்களிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்பது முழுசாகப் புரிந்தது. கீழே நகரம் முழுக்க ஒரே பார்வையில் தெரிகிறது, 1940 மீட்டர் சுற்றளவுள்ள சுவர், கடலுக்குள் லோக்ரும் தீவு, மேற்கே எலாஃபிட்டித் தீவுகள், முதுகுப்பக்கம் போஸ்னியாவின் மலைகள். கூரைகளைக் கவனித்துப் பாருங்கள், சில ஓடுகள் மங்கிப்போயிருக்கும், பல புதுச் சிவப்பாக இருக்கும். யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1991இல் நகரத்தை முற்றுகையிட்டார்கள்; அப்போது குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. 1969இல் வந்த கேபிள் காரும் அந்தப் போரில்தான் அழிந்தது, 2010இல்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது. பக்கத்திலேயே இம்பீரியல் கோட்டை, நெப்போலியன் காலத்து பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. உள்ளே 1991இல் தொடங்கிய அந்தப் போர் பற்றிய அருங்காட்சியகம், அதற்குத் தனி டிக்கெட். அப்பா அங்கே வெகுநேரம் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். இருபது நிமிடத்தில் ஹாரன் அடித்து இறக்குகிற இடமா இது!

ரசீது விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குரோஷியாவில் பணமாக வாங்கினாலும் வரித் துறையில் பதிவான ரசீது தர வேண்டும் என்பது சட்டம், 2013இலிருந்தே இருக்கிறது. இப்போது அதில் க்யூஆர் குறியீடும் அச்சாகி வரும். 'ராச்சுன்' என்று கேட்டாலே புரியும். மெஷின் ஓடவில்லை, வேனில் தருகிறோம் என்று இழுத்தால் பணத்தைக் கையிலிருந்து விடாதீர்கள். ரசீதில் பெயர் இருந்தால் எழுத்தில் புகார் கொடுக்கலாம், 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எங்களிடம் இருப்பது பெயரில்லாத துண்டுச் சீட்டும் பலகையின் படமும்தான். அரசு ஆய்வுத் துறைக்கு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி பலகையைப் பார்த்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தேதியோடு சொல்லுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ள உதவும்.