நாலு மணி நேரத்தில் தஞ்சாவூர் ஓவியம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வரைவது இப்போது சென்னையில் நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். கேன்வாஸும் அக்ரிலிக்கும் வைத்து நடத்தும் பெயின்டிங் பார்ட்டி பற்றி எந்தப் புகாரும் இல்லை. ஆனால் நவராத்திரி நெருங்க நெருங்க, "தஞ்சாவூர் ஓவியப் பார்ட்டி, உங்கள் வீட்டிலேயே, நாலு மணி நேரத்தில் முடித்துச் சுவரில் மாட்டலாம்" என்ற விளம்பரங்கள் இன்ஸ்டாகிராமில் வரிசையாக வருகின்றன. அப்படி ஒன்றில்தான் நாங்கள் ஒன்பது பேர் ஏமாற்றப்பட்டோம்.

என் தோழியின் அம்மாவுக்கு எழுபது வயது நிறைவதையொட்டித்தான் இந்த ஏற்பாடு. அவர் தஞ்சாவூரில் இருந்த காலத்தில் வருடக்கணக்கில் இந்த வேலை செய்தவர். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை. நாங்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தோம்.

ஆளுக்கு 1,800 ரூபாய். துணி ஒட்டிப் பதப்படுத்திய பிளைவுட் பலகை, 22 காரட் தங்க ரேக்கு (படத்தில் ஒட்டும் மெல்லிய தகடு), ஜெய்ப்பூர் கற்கள், வண்ணம், தூரிகை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள், அனுபவமுள்ள ஓவியர் நேரில் வந்து சொல்லிக்கொடுப்பார் என்பது பேச்சு. மொத்தம் 16,200 ரூபாயையும் முதலிலேயே ஜிபே செய்தால்தான் தேதி உறுதி என்றார்கள். செய்தோம்.

ஓவியர் வரவில்லை. இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "சாருக்கு அவசர வேலை மேடம், நானே பண்ணிக் காட்டுறேன்" என்றாள். அந்தப் பெண் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறாள், வேலைக்குச் சேர்ந்தே சில வாரம்தான் ஆகிறது. ரேக்கு ஒட்டுவதை அவளுக்கே யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. அவளை இப்படி ஒன்பது பேர் முன்னால் தனியாக அனுப்பிவைத்தவர்தான் இதற்குப் பொறுப்பு.

பலகையைக் கையில் எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பிளைவுட் இல்லை, மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப். துணியும் இல்லை, பூச்சும் இல்லை. வெண்ணெய்க் கிருஷ்ணனின் கோட்டுப்படம் அச்சடித்த ஒரு ஸ்டிக்கரை நேராகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூலையில் நகம் பட்டதும் உரிந்து வந்தது. கற்கள் பிளாஸ்டிக், பிளவுஸில் ஒட்டுகிற ரகம்.

தஞ்சாவூர் ஓவியம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த ஏமாற்று உடனே புரியும். பலகையில் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, காயவிட்டு, தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். முன்பெல்லாம் பலாப் பலகை, புளியங்கொட்டைப் பசை. இப்போது பிளைவுட், கடைப் பசை. அப்புறம்தான் படத்தை வரைவது, கல் பதிப்பது, நகையும் மாலையும் தூணும் புடைத்து நிற்கும்படி மக்கு, அதாவது சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த கலவை, வைப்பது. மக்கை ஒரே தடவையில் அப்பிவிட முடியாது. ஒரு அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அது முழுக்கக் காய்ந்த பின் ரேக்கு, கடைசியில் வண்ணமும் கோடும். உள்ளங்கை அகலப் படம் என்றாலும் முறையாகச் செய்தால் சில நாள் பிடிக்கும். ஆக, நாலு மணி நேரம் என்பதே பொய்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? கோனில் அடைத்த மக்கைப் பிழிந்த கையோடு, அந்தப் பெண் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினாள். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். கிருஷ்ணனின் கழுத்து மாலை நடுவில் விரிந்து, விரிசலுக்குள் ஸ்டிக்கரின் சிவப்புக் கோடு தெரிந்தது. அதன் மேலேயே ரேக்கை ஒட்டச் சொன்னாள்.

தோழியின் அம்மா அதுவரை எதுவும் பேசவில்லை. ஒரு துண்டு ரேக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கட்டை விரலால் தேய்த்தார், மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கை கழுவப் போன சமயத்தில் மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "இது தங்க ரேக்கு இல்லடி. பித்தளை. அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்."

மிச்சம் இருந்த துண்டுகளில் ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் ஓரம் பச்சை பிடித்திருந்தது. இது நகைக்கடைச் சோதனை அல்லதான். ஆனால் செம்பும் துத்தநாகமும் கலந்த மலிவுத் தகட்டைக் காட்டிக்கொடுக்க இது போதும். நல்ல ரேக்கு வைத்த படங்கள் தலைமுறை தாண்டியும் மின்னுகின்றன. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துப் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. எங்கள் கிருஷ்ணன்களோ சில வாரத்திலேயே மாலை கறுத்துப் போனார்கள். புவிசார் குறியீடு பெற்ற ஒரு கலையின் பெயரைச் சொல்லி இதை விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம். தஞ்சாவூரில் குடும்பம் குடும்பமாக இந்த வேலையில் இருப்பவர்கள் சரியான விலை சொன்னால், "ஆயிரத்து எண்ணூறுக்கே கிடைக்கிறதே" என்று பேரம் பேச வைப்பது இந்த மாதிரி ஆட்கள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று முதல் பதில். 22 காரட் என்றீர்களே என்றால், "அது கோல்டு ஃபினிஷ்" என்றார்கள். மறுநாள் அந்த விளம்பரத்தையே காணோம். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் சரி. அப்புறம் 2,000 ரூபாய் தருகிறோம், எங்கும் எழுத வேண்டாம் என்று பேசினார்கள். முடியாது என்றதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

நீங்கள் இப்படி ஒரு பார்ட்டி வைக்க நினைத்தால், பலகையையும் ஒரு துண்டு ரேக்கையும் முன்கூட்டியே நேரில் காட்டச் சொல்லுங்கள். வருபவர் யார் என்று கேட்டு, அவர் கையால் செய்த படத்தைப் பாருங்கள். நல்ல படம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக, தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் ஒரு அரை மணி நேரம் செலவிடலாம். முன்பணமாகப் பாதிக்கு மேல் தர வேண்டாம். நேர்மையாகச் சொல்லித்தருபவர்கள் மக்கு வேலையைத் தாங்களே முடித்துக் காயவைத்த பலகையைக் கொண்டுவந்து, ரேக்கும் வண்ணமும் மட்டும் அன்றைக்குச் செய்யலாம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு மதியத்துக்கு அதுவே தாராளம்.

பில் கட்டாயம் கேளுங்கள், அதில் "22 காரட் தங்க ரேக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படித்தான். பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. இதே போல ஸ்டிக்கர் பலகையும் பித்தளை ரேக்கும் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிச்ச ரேக்கு, ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.