பழைய சரக்குக் கப்பலுக்கு எந்த கிளாஸ்? ஐ.ஏ.சி.எஸ். உள்ளேயா, வெளியேயா?

கப்பலின் கட்டமைப்பும் இயந்திரங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப உள்ளன என்று ஒரு வகைப்பாட்டுச் சங்கம் சோதித்துத் தரும் தகுதிதான் கிளாஸ். 15 வயது தாண்டிய சரக்குக் கப்பலை வாங்குகிறவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, லாயிட்ஸ் ரெஜிஸ்டர், டி.என்.வி., நம் ஐ.ஆர்.எஸ். (இந்தியக் கப்பல் பதிவகம்) போன்ற, ஐ.ஏ.சி.எஸ். என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் உறுப்புச் சங்கத்தின் கிளாஸ். மற்றது, வெளியே உள்ள, கட்டணம் குறைந்த சங்கம். என் ஓட்டு முதலாவதற்கே.

சட்டப்படி இடைவெளி குறைவு. கொடி நாடு (கப்பல் பதிவான நாடு) அங்கீகரித்த சங்கத்தின் விதிகளை, அல்லது அதற்கு இணையான தேசியத் தரத்தைத்தான் சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் கேட்கிறது. கிளாஸ் சான்றிதழ் உரிமையாளருடனான ஒப்பந்தம். சோலாஸ் சான்றிதழைச் சங்கம் கொடி நாட்டின் சார்பில் தருகிறது. பெரும்பாலும் இரண்டையும் பார்ப்பது ஒரே சர்வேயர்தான். அவர் தவறினால் வழக்குப் போட்டு மீளலாம் என்று எண்ண வேண்டாம். 'நிக்கலஸ் ஹெச்' வழக்கில், சரக்கு உரிமையாளருக்குச் சங்கம் பொறுப்பல்ல என்று 1995-ல் பிரிட்டன் பிரபுக்கள் சபை சொன்னது. ஆனால் எண்ணெய்க் கசிவு பற்றிய 'எரிகா' வழக்கில் 2012-ல் பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் சங்கத்தையும் பொறுப்பாக்கியது.

துறைமுகச் சோதனையிலும் வேறுபாடு உண்டு. துறைமுகங்களில் கப்பல்களைச் சோதிப்பதற்கான பாரிஸ் உடன்பாட்டில் (பாரிஸ் எம்.ஓ.யு.) சேர்ந்த நாடுகளின் துறைமுகங்களில் சங்கத்தின் செயல்திறனும் கப்பலின் ஆபத்துக் கணக்கில் சேரும். அதிக ஆபத்துப் பட்டியலில் விழுந்தால் 5-6 மாதத்துக்கு ஒரு சோதனை.

தீர்மானிப்பது மறுவிற்பனைதான். ஐ.ஏ.சி.எஸ். சங்கங்களுக்குள் மாறும்போது பழைய சர்வே வரலாறு கூடவே வரும். நிலுவை சர்வேயையும் தவணை கடந்த 'கண்டிஷன் ஆஃப் கிளாஸ்' (கெடுவுக்குள் முடிக்கச் சங்கம் சொன்ன பழுதுபார்ப்பு) வேலைகளையும் முடித்தால் போதும்; வயதுக்கேற்ற நுழைவுச் சோதனை தனி. வெளியிலிருந்து நுழைந்தால் அந்த வரலாற்றுக்கு மதிப்பில்லை. கப்பலின் நடுக் குறுக்குவெட்டு, வெளி உடல் தகடு, தடுப்புச் சுவர், ஹேட்ச் கவர், ஷாஃப்ட், ஸ்டியரிங் கியர், மின்கம்பி வரைபடங்களைக் கேட்பார்கள். கட்டிய யார்டே மூடிப்போயிருந்தால் அளந்து புதிதாக வரைய வேண்டும். ஐந்தாண்டு சர்வே அளவுக்கு டிரை டாக் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துச் சோதிப்பது), தகட்டுத் தடிமன் அளவீடு. வரம்புக்கு மேல் தேய்ந்த தகட்டை வெட்டி மாற்றும் செலவில், மிச்சம் பிடித்த கட்டணம் கரைந்துவிடும். வாங்க வருபவர் இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் விலை பேசுவார்.

சரக்குக் காப்பீடும் இதே பக்கம். சரக்குக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் சேர்க்கும் 2001-ன் கிளாசிஃபிகேஷன் விதிப்படி, ஐ.ஏ.சி.எஸ். கிளாஸ் இல்லாத கப்பலில் ஏற்றும் சரக்குக்குக் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். ஒரே நாட்டுக் கரையோரத்தில் மட்டும் ஓடும் கப்பலுக்கு அந்நாட்டுச் சங்கத்தின் கிளாஸை அந்த விதியே ஏற்கிறது. அத்தகைய சிறு கப்பலுக்கு என் வாதம் அவ்வளவு வலுவாக நிற்காது.

எந்தப் பக்கம் மாறினாலும் கப்பல் காப்பீட்டாளரின் எழுத்துமூல ஒப்புதல் முதலில் வேண்டும். 1983-ன் ஹல் (கப்பல் உடல்) காப்பீட்டு விதிகளில், சங்கத்தை மாற்றினாலே பாலிசி தானாக முடிந்துவிடும்; கப்பல் கடலில் இருந்தால் அடுத்த துறைமுகம் வரை மட்டுமே தாங்கும்.