என் பொண்ணை ஊர் சனம் ஆக்கிய கீபோர்டு

திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் முடித்தவள். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் அடிக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவளையே இந்தக் கீபோர்டு இரண்டு வாரம் ஏமாற்றியது.

ரிச்சி தெருவில் வாங்கினேன். 87 கீ, ப்ளூ ஸ்விட்ச், 2,600 ரூபாய். நல்ல கனம், வேகமாக அடித்தாலும் மேசையில் நகராது. ஒவ்வொரு கீயும் ‘டிக்’ என்று பதில் சொல்லும்; இன்ஸ்டிடியூட்டில் பழகிய கைக்கு அது தனி சுகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அடித்தால் வீட்டில் திட்டு விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்து அச்சிட்டிருக்காது, எனக்கு அது தேவையும் இல்லை.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஒருவர் பத்திரிகைக் கட்டோடு திரும்பி வந்தார். ‘எங்கள் இளைய மகள் திருநிறைச்செல்வி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எங்கள் இளைய மக்கள்’. “என்னம்மா, என் பொண்ணை ஊர் சனமா ஆக்கிட்டீங்களே” என்றார். புரூஃபை அவரும் பார்த்திருந்தார், நானும் பார்த்திருந்தேன். ‘மக்கள்’ நல்ல சொல்லாயிற்றே, இரண்டு பேர் கண்ணும் தாண்டிப் போய்விட்டது.

தமிழ்99-இல் க-வை இரண்டு முறை தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். அதே வாரம் ‘நகை’ ‘நக்கை’ ஆனது, ‘முகம்’ ‘முக்கம்’ ஆனது. எனக்கு வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், சர்க்கரை ஏறியிருக்கும் என்று என்னையே நொந்துகொண்டேன். கடைக்குப் போன் செய்தால், “அக்கா, நீங்கதான் ரெண்டு தடவை தட்டுறீங்க” என்றார்கள். நம்பிவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. நிஜமாகவே தப்பாக அடித்தால் திரையைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சுண்டுவிரல் பேக்ஸ்பேஸுக்குப் போயிருக்கும், அடுத்த எழுத்து ஒரு கணம் தயங்கி விழும். இந்த ‘க்க’வில் விரல் தயங்கவே இல்லை.

உளவியல் எம்.எஸ்சி. படிக்கும் அக்கா மகனிடம் சொன்னேன். “சித்தி, உங்க கதையை 2010லயே சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க” என்றான். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லோகன், கிரம்ப் என்ற இருவர் கைதேர்ந்த டைப்பிஸ்ட்களை உட்கார வைத்தார்களாம். கம்ப்யூட்டர் ரகசியமாகச் சில தப்புகளைத் திருத்திவிடும். சரியாக அடித்த சிலவற்றில் தப்பைச் செருகிவிடும். கேட்டால், செருகிய தப்பைத் தன் தப்பு என்று ஒத்துக்கொள்வார்கள், திருத்திக் கொடுத்ததைத் தாங்களே சரியாக அடித்ததாகச் சொல்வார்கள். விரல்கள் மட்டும் ஏமாறவில்லை. உண்மையான தப்புக்குப் பிறகு வேகம் குறைந்தது, செருகிய தப்புக்குக் குறையவில்லை.

கை தவறியதும், பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழுமாம். தலையில் மின்முனைகளை ஒட்டி 1990களின் தொடக்கத்தில் அதைப் பிடித்திருக்கிறார்கள். மூளையின் முன்பக்கம், இரு பாதிகளும் ஒட்டுகிற நடுப்பகுதியில் இருக்கும் ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸிலிருந்து அது வருவதாகச் சொல்கிறார்கள். என்ன அடிக்க நினைத்தோம், விரல் எதை அடித்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. அதற்குத் திரை தேவையில்லை.

சரி, விரலை நம்பிப் பார்ப்போம் என்று நோட்பேடைத் திறந்து, க கீயை மட்டும் ஒற்றை விரலால் நிதானமாக ஐம்பது முறை தட்டினேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டி. நான்கு இடத்தில் ‘க்க’. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு; அதற்குள் இருக்கும் உலோகத் தகடு தொடும்போது லேசாக அதிரும். அந்தச் சில மில்லிவிநாடி அதிர்வை ஒரே தட்டாக எண்ணுவது கீபோர்டின் வேலை. தகடு தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ இரண்டாக எண்ணிவிடும். அந்த வேகத்தில் இரண்டு முறை தட்ட எந்த மனுஷ விரலாலும் முடியாது.

கடைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். பையன் வாதாடவில்லை. ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடிய மாடல் என்பதால், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் ஸ்விட்சைப் பிடுங்கி க-வில் மாட்டி, கெட்டுப்போனதை அங்கே வைத்துவிட்டான். ஐந்து நிமிஷ வேலை. அதன்பின் இரண்டு மாதமாக ‘மகள்’ மகளாகவே இருக்கிறாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் கழற்றி மாட்டும் வகையாகவே கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஒவ்வொரு கீயையும் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள். 200 பத்திரிகையை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கோபத்தில்தான் ஒன்றரை குறைந்தது.