சூடாக இருந்த மானிட்டர்

பழைய விளையாட்டுகளை அந்தக் காலத்துத் திரையிலேயே ஆட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. 640க்கு 480 ரெசல்யூஷனை எல்சிடியில் இழுத்துப் பெரிதாக்கினால் மசமசவென்று இருக்கும். ட்யூப் மானிட்டரில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிக்சல் கட்டம் என்று ஒன்றும் கிடையாது, எந்த ரெசல்யூஷன் கொடுத்தாலும் அத்தனை கோடுகளாக வரைந்துவிட்டுப் போகும். ஆனால் புதிதாக வாங்கக் கடையில் கிடைக்காது. யாரோ பயன்படுத்தியதைத்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 21 அங்குலம், குறைந்த உபயோகம், 1600க்கு 1200 வரை போகும். விலை மற்றவர்கள் கேட்பதில் பாதி. உடனே கூப்பிட்டேன். மனிதர் பேச்சில் அவ்வளவு இனிமை. "நீங்க வர்றதுக்குள்ள போட்டே வெச்சிருக்கேன் தம்பி, வந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். என்னே அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏமாந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

போனபோது மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை நிறைய ஓர் அருவிப் படம், பச்சையும் வெள்ளையுமாகப் பளீரென்று. மூடியின் மேல் கை வைத்தேன், நன்றாகவே சுட்டது. ட்யூப் மானிட்டர் என்றால் சூடாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். டேப் வைத்து அளந்தும் காட்டினார். மூலைக்கு மூலை 21 அங்குலம், சரியாக இருந்தது. அவர் அளந்தது பிளாஸ்டிக் சட்டத்தை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தேன். (தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். எடை முழுக்க முன்பக்கம்தான்.)

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். "டொய்ங்" என்று ஒரு சத்தம், ட்யூபில் ஏறியிருக்கும் காந்தத்தைப் போக்கும் டீகாஸ் காயில் வேலை செய்கிற சத்தம். அதுவரை சரி. அப்புறம் வந்த படத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வெள்ளை வெள்ளையாகவே இல்லை, நீலப்பச்சையாக இருந்தது. எழுத்துகள் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் கலங்கித் தெரிந்தன. கேபிள் லூசோ என்று பிடுங்கி மாட்டினேன், ஆட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறி, எழுத்தும் தெளிந்து, நேற்று பார்த்த அதே பளீர்ப் படம்.

ட்யூப் டிவி காலத்திலிருந்து வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆற விட்டுப் போட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ரெட் கன் தேஞ்சுபோச்சு." ட்யூபின் கழுத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கென்று மூன்று கன், ஒவ்வொன்றிலும் ஒரு கேத்தோடு இருக்கிறது. அவை சூடாகி எலக்ட்ரானைக் கக்கினால்தான் படம். வருஷக்கணக்கில் ஓடினால் அந்தக் கக்கும் சக்தி குறைந்துபோகும். அப்படித் தேய்ந்தது நன்றாகச் சூடேறின பிறகுதான் ஓரளவு வேலை செய்யும். என்னுடையதில் சிவப்பு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. வெள்ளையிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீலப்பச்சைதானே. அருவியில் அது எப்படித் தெரியும்?

அடுத்து அவர் ஒரு வேலை செய்தார். திரையை முழுக் கறுப்பாக்கி, அறை விளக்கை அணைத்தார். கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாக ஒளிர்ந்தது. அதன் குறுக்கே இழைபோல மெல்லிய சாய்ந்த கோடுகள். ஒரு படம் முடிந்து அடுத்த படத்துக்காக எலக்ட்ரான் கற்றை மேலே திரும்பும் பாதையாம் அது, கண்ணுக்குத் தெரியவே கூடாதது. உள்ளே ஃப்ளைபேக் என்கிற உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபோகஸ், ஸ்கிரீன் என்று இரண்டு திருகுகள் இருக்கின்றன. அந்த ஸ்கிரீன் திருகை யாரோ நன்றாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். மங்கிப்போன ட்யூபை வெளிச்சமாகக் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. பிரைட்னஸைக் கூட்டி வைத்திருந்தால் மெனுவில் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டாது.

வலது கீழ் மூலையில் ஊதாக் கறை ஒன்றும் இருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் அதன் காந்தத்தால் இப்படி வரும், டீகாஸ் பட்டனை அழுத்தினால் போய்விடும் என்றார். அழுத்தினோம். திரை குலுங்கி அடங்கியது. கறை கொஞ்சம் வெளிறியது, போகவில்லை. எப்போதோ கீழே போட்டிருக்கிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் நிறங்களைப் பிரித்துவிடும் ஷேடோ மாஸ்க் என்கிற துளைத் தகடு நகர்ந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. அவரே சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் அளந்தார்: 18 அங்குலம். ஆக, இது 19 அங்குல மானிட்டர். ட்யூப் மானிட்டரில் கம்பெனிக்காரர்களே சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளவு சொல்வார்கள், அதனால் நிஜமான 21 அங்குலம் என்றால் ஏறக்குறைய 20 தெரிய வேண்டும்.

1600க்கு 1200? போகிறது, பொய் இல்லை. ஆனால் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தை வரைந்து. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கடைக்கண்ணால் பார்த்தால் திரை முழுக்கப் படபடவென்று துடிக்கிறது, அரை மணியில் தலைவலி. கண்ணுக்கு இதமாக இருக்க 85 ஹெர்ட்ஸ் வேண்டும். அது முடியுமா என்று அந்த மாடலின் கையேட்டிலேயே கணக்குப் போடலாம். 1200 கோடு என்றால், படத்துக்குப் படம் திரும்பும் நேரத்தையும் சேர்த்து 1250 கோடு. 85 தடவை என்றால் நொடிக்கு 1,06,250 கோடு, அதாவது சுமார் 106 கிலோஹெர்ட்ஸ். என் மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண், அதாவது நொடிக்கு வரையும் கோடுகளின் கணக்கு, உச்சம் 80 கிலோஹெர்ட்ஸ். எண்பதாயிரத்தை 1250ஆல் வகுத்தால் 64. அவ்வளவுதான் அதன் சக்தி. 1024க்கு 768ல் மட்டும் 85ஐத் தாராளமாகத் தொடுகிறது. விற்றவர் எனக்குக் காட்டியதும் அந்த ரெசல்யூஷனில்தான்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "இங்க நல்லாத்தானே ஓடிச்சு தம்பி, நீங்களே பாத்தீங்க. வண்டியில குலுங்கியிருக்கும்." குலுங்கியதில் 21 அங்குலம் 19 ஆகிவிட்டதா என்று கேட்டேன். பழைய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், முந்தின ராத்திரியிலிருந்து அணைத்தே வைக்கச் சொல்லுங்கள். போனதும் மூடியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீங்களே சுவிட்சைப் போடுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களும், சின்ன எழுத்து நிறைந்த ஒரு பக்கமும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். மூலைகளில் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் ரெசல்யூஷனையும் ஹெர்ட்ஸையும் அங்கேயே வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: சோனி டிரினிட்ரான் வகையில் திரைக்குக் குறுக்கே முடி மாதிரி ஒன்றோ இரண்டோ கிடைக்கோடுகள் தெரியும். ஷேடோ மாஸ்க்குக்குப் பதிலாக உள்ளிருக்கும் கம்பிகளை அதிராமல் பிடித்துக்கொள்ளும் இழைகளின் நிழல் அது. அதைப் பழுது என்று எண்ணி நல்ல மானிட்டரை விட்டுவிடாதீர்கள். திருகைத் திருப்பிச் சரிபண்ணலாம் என்று பெட்டியையும் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல், அணைத்த பிறகும் ட்யூபில் தங்கியிருக்கலாம்.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் போன வாரம் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அதே அருவி, அதே 21 அங்குலம். நான் கூப்பிடாமல் அவரையே கூப்பிடச் சொன்னேன். "போட்டே வெச்சிருக்கேன் சார், வாங்க" என்று பதில். வேண்டாம், அணைத்தே வையுங்கள், நான் வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார் இவர். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது வித்துப்போச்சு சார்."

விளம்பரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.